வீழ்ந்தெழும் வீரம்

நுழையும்முன்

வென்றவரின் வரலாற்றைப் படிப்போர்க்கு அவர் பெற்ற பதக்கங்கள் முதலில் கண்ணில் படும். இரு பதக்கங்களுக்கு இடையே அவர் இழந்த ஆண்டுகள் எளிதில் கண்ணில் படுவதில்லை. பதினான்கு வயதில் இளையோர் உலகப் பட்டத்தை வென்ற ஒரு பெண், மூத்தோர் உலகப் பட்டத்தை வெல்வதற்குப் பதினோர் ஆண்டுகள் காத்திருந்தார். அந்தக் காத்திருப்பில் காயம் இருந்தது, தோல்வி இருந்தது, நியாயம் கேட்டு எழுதிய ஒரு கடிதமும் இருந்தது. குத்துச்சண்டை வீராங்கனை நிகத் ஜரீனின் வாழ்க்கை அந்தப் பதினோர் ஆண்டுகளின் பொருளை நமக்கு உணர்த்துகிறது.

களத்தில் பிறந்த கேள்வி

தெலங்கானா மாநிலத்தின் வடபகுதியில் அமைந்துள்ள நகரம் நிஜாமாபாத். அங்கு 1996ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் நாள் முகமது ஜமீல் அகமது, பர்வீன் சுல்தானா இணையருக்கு மகளாகப் பிறந்தவர் நிகத் ஜரீன். அவ்வில்லத்தில் நான்கு பெண்மக்கள், நிகத் மூன்றாமவர். தந்தை ஜமீல் அகமது இளமையில் கால்பந்தும் மட்டைப்பந்தும் ஆடியவர். குடும்பத்தைக் காக்கச் சவூதி அரேபியா சென்று, அங்கே பல ஆண்டுகள் விற்பனைப் பணியில் உழைத்தார். மகள்களின் கல்விக்கும் வளர்ச்சிக்கும் துணைநிற்க வேண்டும் என்று கருதிப் பின்னர் ஊர் திரும்பினார்.

துறுதுறுவென்று ஓடித் திரிந்த மகளைத் தந்தை விளையாட்டுத் திடலுக்கு அழைத்துச் சென்றார். முதலில் ஓட்டப்பந்தயத்தில்தான் நிகத் பயிற்சி பெற்றார். ஒருமுறை நகரளவிலான விளையாட்டுப் போட்டிகளைக் காணச் சென்றபோது, ஒவ்வொரு விளையாட்டிலும் சிறுமியர் பங்கேற்பதை அவர் கண்டார். குத்துச்சண்டை மேடையில் மட்டும் சிறுவர்களே இருந்தனர். இதில் பெண்கள் ஏன் இல்லை என்று தந்தையிடம் கேட்டார். அதற்குரிய வலிமை பெண்களிடம் இல்லை என்று மக்கள் எண்ணுகிறார்கள் என்பது தந்தையின் விடை. அது தந்தையின் கருத்தன்று. ஊரார் கருத்தை அவர் எடுத்துச் சொன்னார். ஆயினும், அவ்விடை சிறுமியின் நெஞ்சில் ஓர் அறைகூவலாகத் தங்கிவிட்டது. 2009ஆம் ஆண்டு, தமது பதின்மூன்றாம் அகவையில், நிகத் குத்துச்சண்டைக் கையுறையை அணிந்தார்.

அதே ஆண்டு ஆகஸ்டு மாதம், மகளிர் குத்துச்சண்டையை ஒலிம்பிக் போட்டிகளில் சேர்ப்பது என்று பன்னாட்டு ஒலிம்பிக் குழு முடிவு செய்தது. அதுவரை அவ்விளையாட்டில் ஒலிம்பிக் மேடை ஆண்களுக்கு மட்டும் உரியதாக இருந்தது. நிஜாமாபாத்தில் ஒரு சிறுமி கேட்ட கேள்வி, உலகின் பெரிய மன்றங்களிலும் அக்காலத்தில்தான் விடை பெற்றுக்கொண்டிருந்தது.

இல்லத்தில் எழுந்த அச்சம்

நிஜாமாபாத்தில் அப்போது குத்துச்சண்டை பயின்ற பெண்கள் இலர். ஆகவே, நிகத் சிறுவர்களோடு மோதிப் பழகினார். தொடக்க நாள்களில் ஒருநாள் முகத்தில் குருதியும் வீக்கமுமாக வீடு திரும்பினார். தாய் நடுங்கிப்போனார். முகம் இவ்வாறு சிதைந்தால் உன்னை யார் மணந்துகொள்வார் என்று அழுதார். பேரும் புகழும் வந்துவிட்டால் மணமகன்கள் வாயிலில் வரிசையில் நிற்பார்கள் என்று மகள் சிரித்துக்கொண்டே விடை சொன்னார். தாயின் அழுகையில் இருந்தது வெறும் அச்சமன்று. ஒரு பெண்ணின் எதிர்காலத்தை அவள் முகத்தைக் கொண்டு அளக்கும் உலகத்தை அவர் அறிந்திருந்தார். அந்த அளவுகோலை ஏற்காத மகளை அவர் அன்றுதான் முதன்முதலில் கண்டார்.

இல்லத்திற்கு வெளியே பேச்சு வேறு வகையாக இருந்தது. பெண்பிள்ளை அரைக்காற்சட்டை அணிந்து மேடையேறுவதா, ஆண்பிள்ளைகளோடு மோதுவதா என்று உறவினரும் அண்டை அயலாரும் தந்தையிடம் குறைகூறினர். ஜமீல் அகமது அவற்றைக் காதில் வாங்கிக்கொண்டாரே தவிர, மகளின் காலில் விலங்காக மாட்டவில்லை. நீ ஆட்டத்தில் மட்டும் கருத்துச் செலுத்து. இன்று குறைகூறுவோர் நாளை உன்னோடு நின்று படம் எடுத்துக்கொள்வார்கள் என்று மகளுக்கு ஊக்கமூட்டினார். அவர் கூற்றுப் பிற்காலத்தில் அப்படியே நிறைவேறியது.

தந்தை காண மகவு களத்தில் நிற்பதன் அருமையைத் தமிழிலக்கியமும் அறியும். போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு மற்போர் செய்து வென்றதைப் பாடிய சாத்தந்தையார், அக்காட்சியை அவன் தந்தை தித்தன் காணவேண்டும் என்று புறநானூற்றில் விழைகிறார். மகனோடு மாறுபட்டிருந்த அத்தந்தை களத்தில் இல்லை. நிகத்தின் தந்தையோ, முதல் நாளிலிருந்தே களத்தின் ஓரத்தில் நின்றார்.

ஈரோட்டிலிருந்து அந்தால்யாவுக்கு

நிஜாமாபாத்தில் தொடக்கப் பயிற்சி பெற்ற நிகத், விசாகப்பட்டினத்தில் உள்ள இந்திய விளையாட்டு ஆணையத்தின் பயிற்சி மையத்தில் சேர்ந்தார். துரோணாச்சாரியார் விருது பெற்ற ஐ. வெங்கடேஸ்வர ராவ் அங்கு அவருக்குப் பயிற்சியளித்தார். பதின்மூன்று வயதில் வீட்டைப் பிரிந்து, கடற்கரை நகரொன்றின் பயிற்சி விடுதியில் வைகறையில் எழுந்து ஓடும் வாழ்வு தொடங்கியது.

பயன் விரைவிலேயே தெரிந்தது. 2010ஆம் ஆண்டு தமிழ்நாட்டின் ஈரோட்டில் நடைபெற்ற தேசியப் போட்டியில் சிறந்த வீராங்கனையாக நிகத் தேர்வு பெற்றார். அடுத்த ஆண்டு துருக்கியின் அந்தால்யா நகரில் நடைபெற்ற மகளிர் இளையோர் உலகக் குத்துச்சண்டைப் போட்டியில் இந்தியாவின் சார்பில் களமிறங்கினார். இறுதிப் போட்டியில் எதிர்நின்றவர் துருக்கி நாட்டவர். அரங்கம் முழுவதும் எதிராளியின் பெயரை முழங்க, பதினான்கு வயதுச் சிறுமி அவரை வென்று தங்கம் பெற்றார்.

பின்னர் பல்கேரியாவில் நடைபெற்ற இளையோர் உலகப் போட்டியில் வெள்ளியும், 2014ஆம் ஆண்டு செர்பியாவின் நோவி சாத் நகரில் நடைபெற்ற பன்னாட்டுப் போட்டியில் தங்கமும் அவருக்குக் கிடைத்தன. இனி வழி நேராகச் செல்லும் என்றே பலரும் எண்ணியிருப்பர். ஆனால், இளையோர் களத்திற்கும் மூத்தோர் களத்திற்கும் இடையே உள்ள தொலைவு, ஈரோட்டுக்கும் அந்தால்யாவுக்கும் இடையே உள்ள தொலைவைவிட நெடியது.

தெரிந்து தெளிவோம்

ஒலிம்பிக் முறைக் குத்துச்சண்டையில் ஒரு போட்டி மூன்று சுற்றுகள் கொண்டது. ஒவ்வொரு சுற்றும் மூன்று நிமிடம். இடையில் ஒரு நிமிட ஓய்வு. ஒருவர் சிவப்பு மூலையிலும் மற்றவர் நீல மூலையிலும் நிற்பர். மேடையில் ஒரு நடுவர் ஆட்டத்தை நெறிப்படுத்துவார். மேடையைச் சுற்றி அமரும் ஐந்து புள்ளி நடுவர்கள், ஒவ்வொரு சுற்றிலும் சிறப்பாக ஆடியவருக்கு 10 புள்ளியும் மற்றவருக்கு 9 அல்லது அதனினும் குறைந்த புள்ளியும் வழங்குவர். இலக்கில் பதியும் தரமான குத்துகள், ஆட்டத்தின் மேலாண்மை, போட்டியிடும் திறம் ஆகியன கணக்கில் கொள்ளப்படும். ஐவரும் ஒருவரையே வெற்றியாளராகக் கருதினால் முடிவு 5–0 எனக் குறிக்கப்படும். மகளிர் தலைக்கவசம் அணிந்தே மோதுவர்.

தோள் தந்த துன்பம்

குத்துச்சண்டை வீரருக்குக் கையே கருவி; அக்கருவியைத் தாங்குவது தோள். 2017ஆம் ஆண்டு நிகத்தின் தோள்மூட்டு விலகியது. அறுவை சிகிச்சை செய்ய நேர்ந்தது. ஏறத்தாழ ஓராண்டுக் காலம் அவர் களத்தைவிட்டு விலகியிருந்தார்.

காயம்பட்ட விளையாட்டு வீரர் இருவகைத் துன்பத்துக்கு ஆளாகிறார். உடல் வலி அவற்றுள் ஒன்று. தாம் இல்லாமலேயே களம் இயங்குவதைப் பார்த்திருப்பது மற்றொன்று. 2018ஆம் ஆண்டின் காமன்வெல்த், ஆசிய விளையாட்டுப் போட்டிகள் இரண்டிலும் இந்திய அணியில் நிகத்தின் பெயர் இடம்பெறவில்லை. இளையோர் உலகப் பட்டம் பெற்றவர் என்ற நினைவும் மெல்ல மங்கத் தொடங்கியது. வளரும் வயதில் விரைவாக வந்த புகழ், விரைவாகவே விலகவும் கூடும் என்பதை அவர் அக்காலத்தில் அறிந்தார்.

ஆயினும், சிகிச்சைக்குப் பின் தோளை வலுப்படுத்தும் பயிற்சிகளைத் தொடங்கி, அடிப்படையிலிருந்து ஆட்டத்தை மீட்டெடுத்தார். 2018இல் செர்பியாவின் பெல்கிரேடில் நடைபெற்ற பன்னாட்டுப் போட்டியில் தங்கம் வென்றார். 2019இல் பல்கேரியாவின் தலைநகர் சோபியாவில் நடைபெறும் புகழ்பெற்ற ஸ்ட்ராண்ட்ஜா நினைவுப் போட்டியிலும் தங்கம் பெற்றார். அதே ஆண்டு பாங்காக்கில் நடைபெற்ற ஆசியப் போட்டியில் வெண்கலமும் கிடைத்தது.

நியாயம் கேட்ட குரல்

மீண்டெழுந்தவருக்கு முன்னே ஒரு மலை நின்றது. அம்மலையின் பெயர் மேரி கோம். மணிப்பூரின் எளிய உழவர் குடும்பத்தில் பிறந்து, ஆறு முறை உலகப் பட்டம் வென்று, 2012ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலமும் பெற்ற பெருவீராங்கனை அவர். குத்துச்சண்டை பயிலும் இந்தியப் பெண்கள் அனைவர்க்கும் அவரே முன்மாதிரி, நிகத்துக்கும் அவ்வாறே.

இருவரும் 51 கிலோ எடைப்பிரிவினர். ஒரு நாட்டிலிருந்து ஒரு பிரிவுக்கு ஒருவரே செல்ல இயலும். 2019ஆம் ஆண்டு உலகப் போட்டிக்கு, தேர்வுப் போட்டி நடத்தப்படாமலேயே மேரி கோம் தேர்வு செய்யப்பட்டார். அங்கு அவர் வெண்கலம் வென்றார். டோக்கியோ ஒலிம்பிக்குக்கான தகுதிப் போட்டிக்கும் அவ்வாறே அனுப்பப்படுவார் என்ற நிலை உருவானது. இருபத்து மூன்று வயது நிகத், நடுவண் அரசின் விளையாட்டுத்துறை அமைச்சருக்கு வெளிப்படையாக ஒரு கடிதம் எழுதினார். தமக்கு இடம் தரவேண்டும் என்று அவர் கேட்கவில்லை. நியாயமான தேர்வுப் போட்டி ஒன்று நடத்தப்பட வேண்டும் என்றே கேட்டார்.

அக்கடிதம் பெரும் விவாதத்தைக் கிளப்பியது. மாபெரும் வீராங்கனையை எதிர்த்துப் பேசுவதா என்று சிலர் சினந்தனர். பெரியோரைப் போற்றுவதும், விதியின் முன் அனைவரும் நிகர் என்று கேட்பதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. மேரி கோமின் ஆட்டத்தைப் பார்த்து வளர்ந்த ஒருவர், அவரோடு மோதும் உரிமையைக் கேட்டதில் மதிப்புக்குறைவு ஏதும் இல்லை.

2019ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் புதுதில்லியில் தேர்வுப் போட்டி நடைபெற்றது. நிகத் 9–1 என்ற கணக்கில் தோற்றார். கேட்ட வாய்ப்புக் கிடைத்தது. ஆனால், கிடைத்த வாய்ப்பில் வெற்றி கிடைக்கவில்லை. நாடே பார்த்திருக்க, கேலி செய்யக் காத்திருந்தோர் முன்னிலையில் நேர்ந்த தோல்வி அது. டோக்கியோவுக்கான வாயில் அன்றோடு மூடியது.

இந்த இடத்தில் மாணவர்கள் சற்றே நின்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். உரிமை கேட்பவர் வென்றே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தோற்றதனால் அவர் கேட்டது தவறாகிவிடுவதும் இல்லை. முறையான போட்டி நடந்தது என்பதே அக்கடிதம் ஈட்டிய பயன். தோல்வியை ஏற்றுக்கொண்டு மீண்டும் பயிற்சிக் கூடத்துக்குச் சென்றதே அந்தப் பெண்ணின் பெருமை.

மீண்டும் முதற்படியிலிருந்து

2020ஆம் ஆண்டு பெருந்தொற்று உலகை முடக்கியது. பயிற்சிக் கூடங்கள் மூடப்பட்டன, போட்டிகள் தள்ளிவைக்கப்பட்டன. அம்முடக்கம் நீங்கியபோது நிகத்தின் ஆட்டம் புதிய முதிர்ச்சி பெற்றிருந்தது. 2021ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் இசுதான்புல்லில் நடைபெற்ற போஸ்பரஸ் போட்டியில், உலகப் பட்டம் வென்ற இருவரை அடுத்தடுத்து வீழ்த்தினார்: ஒருவர் இரஷ்யாவின் எக்கத்தரீனா பால்ட்சேவா, மற்றவர் கசகஸ்தானின் நசீம் கிசைபே. அரையிறுதியில் துருக்கியின் புசேனாஸ் சகிரோக்லுவிடம் தோற்று வெண்கலத்தோடு திரும்பினார்.

அந்தச் சகிரோக்லு டோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளி வென்றார். அடுத்த பிப்ரவரியில், சோபியாவின் ஸ்ட்ராண்ட்ஜா போட்டி அரையிறுதியில் இருவரும் மறுபடி மோதினர். இம்முறை வென்றவர் நிகத். தாம் செல்ல இயலாமற்போன ஒலிம்பிக்கில் வெள்ளி பெற்றவரை வீழ்த்தி, அப்போட்டியில் தமது இரண்டாம் தங்கத்தையும் அவர் கைப்பற்றினார். தம்மை வென்றவரிடமிருந்து கற்றுக்கொண்டு, அவரையே வெல்வது குத்துச்சண்டையில் அரிய கலை. எதிராளி எந்த நொடியில் முன்னேறுகிறார், எந்தக் கையை முதலில் நீட்டுகிறார், களைத்தபோது எவ்வாறு பின்வாங்குகிறார் என்பவற்றை முந்தைய ஆட்டத்தின் ஒளிப்பதிவிலிருந்து வீரர்கள் கற்கின்றனர். அவ்வகையில், தோற்ற ஆட்டமும் ஒரு பாடநூலே.

இசுதான்புல்லில் ஓர் இரவு

2022ஆம் ஆண்டு மே மாதம் மகளிர் உலகக் குத்துச்சண்டைப் போட்டி மீண்டும் துருக்கியில், இசுதான்புல் நகரில் நடைபெற்றது. 52 கிலோ பிரிவில் களமிறங்கிய நிகத், மெக்சிகோ, மங்கோலியா, இங்கிலாந்து, பிரேசில் நாட்டு வீராங்கனையரை ஒருவர்பின் ஒருவராக வென்றார். மே 19ஆம் நாள் இறுதிப் போட்டியில் தாய்லாந்தின் ஜுதாமாஸ் ஜிட்போங் எதிர்நின்றார். உயரத்தையும் கைவீச்சையும் பயன்படுத்தித் தொலைவிலிருந்தே தாக்கி, நெருங்கி வந்தபோது விலகி, ஆட்டத்தைத் தம் பிடியிலேயே வைத்திருந்தார் நிகத். ஐந்து நடுவர்களும் ஒருமனதாக அவரை வெற்றியாளராக அறிவித்தனர். அத்தொடரின் ஐந்து ஆட்டங்களிலும் முடிவு 5–0 என்பதே.

மேரி கோம், சரிதா தேவி, ஜென்னி, லேகா ஆகியோருக்குப் பின் மூத்தோர் உலகப் பட்டம் வென்ற ஐந்தாம் இந்தியப் பெண்மணி என்னும் சிறப்பு அவருக்குக் கிட்டியது. வென்ற களிப்பில், சமூக ஊடகத்தில் தமது பெயர் முன்னணியில் உள்ளதா என்று செய்தியாளர்களிடம் அவர் குழந்தைபோல் கேட்டார். பேரும் புகழும் வரட்டும் என்று தாயிடம் சொன்ன சிறுமி அந்த வெற்றியாளருக்குள் இன்னும் இருந்தார்.

இரண்டு கிலோவின் எடை

உலகப் போட்டியில் 52 கிலோ பிரிவு உண்டு. பாரிஸ் ஒலிம்பிக்கில் அது இல்லை. அங்கே மகளிர்க்குரிய மிகக் குறைந்த எடைப்பிரிவு 50 கிலோ. எனவே, உலகப் பட்டம் வென்ற பிரிவைத் துறந்து, நிகத் 50 கிலோவுக்கு இறங்கவேண்டியதாயிற்று. பிறர்க்கு இரண்டு கிலோ என்பது சிறு அளவு. கொழுப்பு ஏதும் மிகுதியாக இல்லாத உடலில், வலிமையும் விரைவும் குறையாமல் இரண்டு கிலோவைக் குறைப்பது கடினமான தவம். உணவையும் நீரையும் அளந்தே உட்கொள்ளவேண்டும். எடை பார்க்கும் காலைப்பொழுது ஒவ்வொன்றும் ஒரு தேர்வு.

புதிய பிரிவில் 2022ஆம் ஆண்டு பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் தங்கம் வென்றார். அதே ஆண்டு அருச்சுனா விருது அவரைத் தேடி வந்தது. 2023ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் புதுதில்லியில் நடைபெற்ற உலகப் போட்டியில், ஆறு ஆட்டங்களில் வென்று இறுதியில் வியட்நாமின் நுயென் தி தாமை வீழ்த்தினார். மேரி கோமுக்குப் பின் ஒன்றுக்கு மேற்பட்ட முறை உலகப் பட்டம் வென்ற இந்தியப் பெண் இவரே. டோக்கியோவுக்கான தேர்வுப் போட்டியில் தோற்ற அதே தலைநகரில்தான் இப்பட்டமும் கைகூடியது.

ஹாங்சோவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில் வெண்கலம் பெற்று, பாரிஸ் ஒலிம்பிக்குக்கான இடத்தையும் உறுதிசெய்தார். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நிஜாமாபாத்தில் தொடங்கிய பயணம் ஒலிம்பிக் மேடையை அடைந்தது.

பாரிஸ் சொன்ன பாடம்

ஒலிம்பிக் பயணம் தங்கத்தில் முடியவில்லை. முதல் ஆட்டத்தில் ஜெர்மனி வீராங்கனையை 5–0 என வென்ற நிகத், அடுத்த ஆட்டத்தில் சீனாவின் ஊ யூவை எதிர்கொண்டார். போட்டித் தரவரிசையில் நிகத்துக்கு இடம் இல்லாததால், வலிமைமிக்க எதிராளியைத் தொடக்கத்திலேயே சந்திக்க நேர்ந்தது. 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள் நடைபெற்ற அந்த ஆட்டத்தில் 0–5 எனத் தோற்றார். ஊ யூ அப்பிரிவில் தங்கமே வென்றார். கண்ணீரோடு வெளியே வந்த நிகத், பதக்கம் பெற இயலாமைக்காக நாட்டு மக்களிடம் வருத்தம் தெரிவித்தார். அதன்பின் தெலங்கானா அரசு அவருக்குக் காவல்துறையில் துணைக் கண்காணிப்பாளர் பணி வழங்கிச் சிறப்பித்தது.

மேடையில் மூன்று சுற்றுகள் ஒன்பது நிமிடங்களில் முடிந்துவிடுகின்றன. அந்த ஒன்பது நிமிடங்களுக்காக ஓடிய வைகறைகளை எந்த நடுவரும் கணக்கில் கொள்வதில்லை. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பது பழமொழி. நிகத்தின் அடிகளால் நகர்ந்தவற்றுள் பதக்கங்கள் ஒரு பகுதியே. பெண்களுக்கு வலிமை இல்லை என்ற ஊராரின் எண்ணம் நகர்ந்தது. சிறந்தவர் யார் என்பதைப் போட்டியே முடிவு செய்யவேண்டும் என்ற நெறி நிலைபெற்றது. மகளின் முகக்காயம் கண்டு அழுத தாய், அதே முகத்தை நாளிதழ்களின் முதற்பக்கத்தில் கண்டார். குத்துச்சண்டையில் பெண்கள் ஏன் இல்லை என்று இன்று ஒரு சிறுமி தந்தையிடம் கேட்கவேண்டிய தேவை இல்லை. கேட்டாலும், விடையாகச் சொல்வதற்குத் தந்தையிடம் ஒரு பெயர் இருக்கிறது.

கற்பவை கற்றபின்

1. “உரிமை கேட்பவர் வென்றே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை” – இக்கருத்தை ஏற்போரும் மறுப்போருமாக இரு அணியாகப் பிரிந்து வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

2. உங்கள் பள்ளியில் மாணவியர் பங்கேற்காத விளையாட்டுகள் எவை? அதற்குரிய காரணங்களைக் கேட்டறிந்து அறிக்கை எழுதுக.

3. குத்துச்சண்டை தொடர்பான கலைச்சொற்களை இப்பாடத்திலிருந்து தொகுத்து, அவற்றின் பொருளை எழுதுக.